தங்க வயலும் காவிரி மின்சாரமும்

2001-இல் மூடப்பெற்ற கோலார்ச் சுரங்கங்களில் நம் தமிழ் மக்கள் பல தலைமுறை உழைத்தனர். அங்கு வேண்டிய சக்தியின் அளவை வரையறுத்து, மைசூர் அரசாங்கம் கம்பெனியாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி வழியே 1902 ஜூனில் மின்சாரம் வந்தது.

ஆயினும் தேவை என்பது அளவு மட்டுமன்று; இடையறாமையுமாகும். மின்சாரம் நின்றால் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பது எங்ஙனம்? காவிரியோ கோடையில் மெலிந்துவிடும். எனவே, பாசனத்தோடு மின்சாரத்தையும் கருதி, 1911-இல் கண்ணம்பாடி அணை தொடங்கப்பெற்றது. அது முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகளாயின.

கம்பியை விரைவில் இழுத்துவிடலாம்; ஆற்றைத் தேக்கப் பல்லாண்டு வேண்டும். ஆதலின், எப்பணிக்கும் காலம் கணிப்போர் இயந்திரத்தோடு கோடையையும் எண்ணுதல் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.