மலிவு விலைத் தச்சுக் கருவிகள்: அங்காடியில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

புணே: விமான நிலையத்தை ஒட்டியுள்ள விமான் நகரின் அடுக்ககங்களில் வசிப்போருக்கு, அலமாரிக் கதவு தொங்கிப்போனாலோ, மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிச் சட்டத்தில் சிக்கிக்கொண்டாலோ, தச்சரை அழைப்பது எளிதான காரியமல்ல. கால் மணி நேர வேலைக்கு வர அவர்கள் தயங்குவர். வந்தாலும் அரை நாள் கூலியேனும் கேட்பர். அது நியாயமும் கூட. ஆகவே, சில கருவிகளைத் தாமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என எண்ணுவோர் பலர். இதே பகுதியில் இயங்கும் சிம்பயாசிஸ் வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தைப் போன்ற இடங்களில் பயிலும் மாணவர்களுக்கும் மாதிரிகள் செய்ய உளியும் ரம்பமும் தேவைப்படுகின்றன.

இவர்கள் முதலில் நாடுவது பல்பொருள் அங்காடியை அல்லது இணைய விற்பனைத் தளத்தை. அங்கே கண்ணில் படுவது, நெகிழிப் பெட்டிக்குள் இருபது முப்பது உருப்படிகளை வரிசையாகப் பொருத்திய கருவித் தொகுப்பு. விலை கவர்ச்சியாக இருக்கும். வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. தீட்டிக் கூர்மையாக்கக் கூடிய கருவி எனில் மலிவானதும் பயன்படும். வார்ப்பிலும் பொருத்தத்திலும் துல்லியம் தேவைப்படும் கருவி எனில், மலிவில் வாங்குவது பெரும்பாலும் வீண்.

ஐரோப்பிய அனுபவம்

தள்ளுபடி அங்காடிகளில் தச்சுக் கருவி வாங்கும் பழக்கம் ஜெர்மனியின் ஆல்டி, லிடில் ஆகிய இரு நிறுவனங்களால் ஐரோப்பா முழுவதும் பரவியது. மளிகைப் பொருள்களுக்கு நடுவே, வாரந்தோறும் மாறும் சலுகைப் பொருள்களாக அவை கருவிகளை விற்கின்றன. லிடிலின் 'பார்க்சைடு' என்ற வணிகப் பெயர் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆல்டியில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த உளித் தொகுப்பைத் தீட்டிப் பயன்படுத்திப் பார்த்து, அது நன்றாகவே வேலை செய்வதாகப் பிரிட்டனின் அறியப்பட்ட தச்சுக்கலை ஆசிரியர் பால் செல்லர்ஸ் வெளிப்படையாக எழுதினார். பல மடங்கு விலையுள்ள உளிகளே வேண்டும் என்று நம்பியிருந்த பொழுதுபோக்குத் தச்சர்களிடையே அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

அந்த இரு நிறுவனங்களுக்கும் இந்தியாவில் கடைகள் இல்லை. இங்கே குறைந்த விலைச் சங்கிலி அங்காடி என்றால் நினைவுக்கு வருவது, 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட். ஆனால் அதன் விற்பனையில் பாதிக்கு மேல் உணவுப் பொருள்களே. பொதுவாக இந்தியப் பல்பொருள் அங்காடிகளின் வீட்டுப் பொருள் பகுதியில் திருப்புளி, சுத்தியல், அளவு நாடா, இடுக்கி ஆகியவை கிடைக்கும். உளியும் இழைப்புளியும் அரிது. அவற்றின் இடத்தை இணைய வணிகம் நிரப்புகிறது. எனவே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பே பலருக்கு இருப்பதில்லை.

உளி: எஃகும் தோய்ச்சலும்

மலிவு விலையில் துணிந்து வாங்கத்தக்க கருவி உளிதான். கைப்பிடி அழகாக இல்லாவிட்டாலும், பக்கங்கள் சரியாகத் தேய்க்கப்படாவிட்டாலும், அலகின் எஃகு தரமாக இருந்தால் எஞ்சிய குறைகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

அட்டையில் 'குரோம் வனேடியம்' என அச்சிட்டிருப்பது எஃகின் கலவையை மட்டுமே குறிக்கும். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவதையே நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பர். உளி கூர்மையைத் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தோய்ச்சல்தான். அதன் தரத்தை எந்த அட்டையும் சொல்லாது. நல்ல மர உளியின் கடினத்தன்மை ராக்வெல் அளவுகோலில் ஏறத்தாழ 58 முதல் 62 வரை இருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் முனை மடங்கும். மேலே போனால் உதிரும்.

வீட்டில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிறிய அரம் ஒன்றை உளியின் அலகு ஓரத்தில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் எஃகு கடினமானது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கடித்தால் அந்த உளியைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

புதிதாக வாங்கிய மலிவு உளி எதுவும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே வெட்டாது. முதலில் அதன் தட்டையான பின்புறத்தை, முனையிலிருந்து ஓரங்குல நீளத்துக்கேனும், மட்டமாகத் தேய்க்க வேண்டும். பலரும் இந்த வேலையை விட்டுவிட்டு, உளி மோசம் என்று தூக்கிப்போடுகின்றனர். கூர்முனை என்பது இரு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பில் குழியும் கீறலும் இருந்தால் மறுபக்கத்தை எவ்வளவு தீட்டியும் பயனில்லை. பிறகு சாய்வுப் பகுதியை 25 பாகைக்குத் தேய்த்து, முனையில் மட்டும் 30 பாகைக்குத் தீட்டுவது வழக்கம். விலையுயர்ந்த தீட்டுக்கல் வேண்டியதில்லை. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நீர்த்தாங்கு உப்புத்தாளை ஒட்டி, 220, 400, 1000 எனப் படிப்படியாக நுண்மையான தாளுக்கு மாறினால் போதும்.

சாணைச் சக்கரத்தில் கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. முனை சூடேறி நீலம் பாரித்தால் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. அதை முழுவதும் தேய்த்து நீக்கினால்தான் உளி மீளும். சில விநாடிக்கு ஒருமுறை நீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும். கூரான உளி சிறு அழுத்தத்தில் மரத்துக்குள் இறங்கும். மழுங்கியதை முழு பலத்தோடு தள்ளும்போதே அது வழுக்கி மறுகையில் பாய்கிறது. இரு கைகளும் எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது தச்சுப் பட்டறைகளில் முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம்.

தொடக்கநிலையாளருக்கு 12 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு உளிகள் போதும். ஆறு உளித் தொகுப்பில் நான்கு பெட்டியிலேயே துருப்பிடிக்கும்.

ரம்பம், மூலைமட்டம், இழைப்புளி

இன்றைய மலிவு ரம்பங்கள் பெரும்பாலும் நன்றாகவே அறுக்கின்றன. பற்களின் முனையை மட்டும் மின்தூண்டல் வெப்பத்தால் கடினமாக்கும் முறை பரவியதே காரணம். அத்தகைய பற்கள் சற்றுக் கருநீலமாகத் தெரியும். ஆனால் அவற்றில் அரம் ஏறாது என்பதால் மழுங்கியபின் மீண்டும் கூராக்க முடியாது. அவ்வப்போது ஒட்டுப்பலகை அறுப்பவருக்கு அது பெரிய குறையல்ல. அறுக்குமுன் கோட்டின் மேல் கூரிய கத்தியால் ஒருமுறை கீறிவிட்டால் மேல் ஏடு பிசிறாமல் இருக்கும்.

மூலைமட்டத்தை நம்பி வாங்கக் கூடாது, சோதித்து வாங்கலாம். நேர் விளிம்புள்ள பலகையில் அதைப் பொருத்தி ஒரு கோடு போட்டு, கருவியைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சரி. விலகினால், தெரியும் விலகல் உண்மைப் பிழையைப் போல் இரு மடங்கு.

அளவு நாடாவின் முனைக் கொக்கி ஆடுகிறது என்று அதைத் திருப்பிக் கொடுப்போர் உண்டு. அது குறையல்ல. கொக்கியின் தடிமனுக்குச் சமமாக அது முன்பின் நகர்ந்தால்தான், வெளியே மாட்டி அளந்தாலும் உள்ளே முட்டக்கொடுத்து அளந்தாலும் ஒரே அளவு வரும்.

இழைப்புளியில்தான் மலிவு ஏமாற்றுகிறது. உலோக இழைப்புளியின் இன்றைய வடிவம், அமெரிக்காவின் லெனார்டு பெய்லி உருவாக்கி, 1869 முதல் ஸ்டான்லி நிறுவனம் தயாரித்த அமைப்பின் வழிவந்தது. அடிப்பரப்பு மட்டமாக இருப்பது, அலகு அமரும் படுகை அசையாதிருப்பது, திருகு நயமாக நகர்வது ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் அது சீவும். மலிவுப் பதிப்பில் மூன்றுமே பிசகியிருப்பது சாதாரணம். அனுபவமுள்ளவர் மணிக்கணக்கில் தேய்த்துச் சரிசெய்வார். புதியவரோ மரம்தான் சரியில்லை என்று எண்ணிவிடுவார்.

கதவு சிக்குகிறது என்பதற்காக மட்டும் இழைப்புளி தேடுவோர், அதை வாங்காமல் இருப்பதே மேல். கட்டையில் சுற்றிய உப்புத்தாளோ மர அரமோ போதும். மேலும், மழையில் ஊதிய கதவை அப்போதே தாராளமாகச் சீவிவிட்டால், கோடையில் அது சுருங்கி இடைவெளி தெரியும். உராயும் இடத்தை மட்டும் இலேசாகத் தேய்த்து, அந்த விளிம்புக்கு வண்ணமோ மெருகெண்ணெயோ பூச வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போர் அதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

திருப்புளி, இடுக்கி போன்றவற்றில் இந்தியத் தயாரிப்புகளே நியாயமான விலையில் கிடைக்கின்றன. நாசிக்கைச் சேர்ந்த தபாரியா, அரங்களுக்கு ரேமண்டு குழுமத்தின் ஜே.கே. ஃபைல்ஸ் ஆகியவை நாடெங்கும் அறியப்பட்டவை. பஞ்சாபின் ஜலந்தரும் ராஜஸ்தானின் நாகௌரும் கைக்கருவித் தொழிலின் மையங்கள். மத்தியக் கைக்கருவி நிறுவனம் ஜலந்தரில்தான் உள்ளது. தெரியாத பெயரில் முப்பது உருப்படிகள் வாங்கும் பணத்தில் இவற்றுள் நான்கைந்தைத் தனித்தனியே வாங்கிவிடலாம்.

பழைய நகருக்கு ஒரு நடை

விமான் நகரிலிருந்து பழைய புணே நகருக்குச் சென்றால், ரவிவார் பேட்டையின் போஹ்ரி ஆளி பகுதியில் இரும்புக் கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. தொழில்முறைத் தச்சர்கள் வாங்குமிடம் என்பதால் உதிரியாகவே கருவிகள் கிடைக்கும். எடையைக் கையில் உணர்ந்து பார்க்கலாம். மரத்துக்குப் பவானி பேட்டையின் மரச்சந்தை பெயர்பெற்றது. புதன், ஞாயிறுகளில் கூடும் ஜுனா பஜாரில் பழைய கருவிகளும் தென்படும். துருப்பிடித்த பழைய உளியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. மேல் துரு தேய்த்தால் போய்விடும். முனைப் பகுதியில் ஆழக் குழி விழுந்ததையும், வெடிப்புக் கண்டதையும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

மராத்தியில் உளிக்குப் பட்டாஷி, இழைப்புளிக்கு ரந்தா, ரம்பத்துக்குக் கர்வத், அரத்துக்குக் கானஸ், மூலைமட்டத்துக்குக் குண்யா என்று பெயர். கடைக்காரரிடம் இச்சொற்களால் கேட்டால் பேச்சு எளிதாகும். சில வேளைகளில் விலையும்.

பொதிந்து விற்கப்படும் கருவிகளுக்கு, 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருள்கள்) விதிகள் பொருந்தும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதிப் பொருளாயின் தயாரிக்கப்பட்ட நாடு, புகார்த் தொடர்பு விவரம் ஆகியவை பொதியின் மேல் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியில் சுத்தியல் தலை கழன்று பறந்தால் யாரைக் கேட்பது என்பதே தெரியாது. உதிரியாக வாங்குவோர் ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். குறையுள்ள பொருளைக் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள்கள் குறித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கக் கட்டணம் இல்லை.

புணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரமே கருவிகளுக்குப் பகை. வேலை முடிந்ததும் அலகுகளைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி பூசி, காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். கருவியுடன் வரும் நெகிழி உறையில் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நல்லது.