கரி பஸ்ஸும் ஐந்து லிட்டர் கேனும்

பெட்ரோல் தட்டுப்பாடு என்று யாராவது பேச்செடுத்தால் போதும், என் அப்பா கரி பஸ் கதையை ஆரம்பித்துவிடுவார். சோழபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இரண்டாம் உலகப் போர் நேரம். 1941-இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இருந்தால்தான் கிடைக்கும். மறு வருஷம் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான், மார்ச் மாதம் ரங்கூன் விழுந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டுக்குப் பெட்ரோலும் சீமெண்ணெயும் ஏராளமாக பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று எண்ணெய்க் கிணறுகளையும் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் வெள்ளைக்காரனே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினான். அதோடு நம் ஊர் பஸ்களுக்கும் வந்தது வினை.

அப்போது கை கொடுத்தது அடுப்புக்கரி. மதுரை டி.வி.எஸ். கம்பெனிகூட கரியில் வாயு எடுக்கும் 'காஸ் பிளாண்ட்' தயாரித்தது. பஸ்ஸில் பெரிய பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, கைப்பிடி வைத்த காற்றாடியைச் சுற்ற வேண்டும். காற்று அளவாகத்தான் போகும் என்பதால் கரி முழுசாக எரியாது. அப்போது வருகிற வாயுவைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்புவார்கள். அதில் வண்டியை ஓட்டும் சரக்கு கார்பன் மோனாக்சைடு. மூடிய ஷெட்டுக்குள் பற்றவைத்தால் ஆளையே சாய்த்துவிடும்.

காஸ் பிடித்தால்தான் பஸ் கிளம்பும். எட்டு மணி பஸ் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பெட்ரோலில் ஓடும்போது இருக்கிற இழுவை இதில் கிடையாது. மேடு வந்தால் ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். அப்பா அப்படித் தள்ளிக்கொண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போனாராம். வெள்ளை வேட்டி முழுக்கக் கரி. சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துக் கொல்லைப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்களாம். அம்மா கடைசி வரை இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கதையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கஷ்டம் உண்டு, கறுப்புச் சந்தையும் உண்டு, ஆனால் பங்க் வாசலில் முண்டியடிக்கும் கூட்டம் வராது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்த பிறகு முண்டியடித்து என்ன பயன்? 2022-இல் இலங்கையிலும் இதைத்தான் பார்த்தோம். நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர் என்று கியூ.ஆர். அட்டை வந்த பிறகுதான் வரிசை சுருங்கியது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு விற்றது, மூன்றே மாதத்தில் 12 டாலரை எட்டியது. விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் பார்லிமென்டுக்குப் போனார். சோழபுரத்தில் அப்போது மோட்டார் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்குத் தட்டுப்பாடு என்றால் சீமெண்ணெய் வரிசைதான். 1990-இல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தபோதும் விலை ஏறியது, புலம்பினோம், அவ்வளவுதான்.

நானே வரிசையில் நின்றது 2009 ஜனவரியில். 7-ஆம் தேதி புதன்கிழமை பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகள் சம்பளப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சத்யம் ராஜு கணக்கில் செய்த மோசடியை ஒப்புக்கொண்டதும் அதே நாள்தான். இரண்டு நாள் முன்பே லாரி ஸ்டிரைக் வேறு ஆரம்பித்திருந்தது. நான் மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருந்த சமயம். வியாழக்கிழமை சாயங்காலம் டிவியைப் பார்த்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன், கூடவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று.

டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. எனக்கு வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் போதும். கேனைப் பார்த்து பங்க் பையன் யோசித்தான். "தோட்டத்து மோட்டாருக்குப்பா" என்று கூசாமல் சொன்னேன். எனக்கு ஏது தோட்டம்? எனக்குப் பின்னால் இரண்டு வண்டிதான் போட்டிருப்பார்கள், 'ஸ்டாக் இல்லை' அட்டை தொங்கியது. பின்னால் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை புத்தி ராத்திரிதான் வேலை செய்தது. ஆயிரம் வண்டிகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குத் தினம் அரை லிட்டர் என்றால் 500 லிட்டர். ஆளுக்கு 3 லிட்டர் சேர்த்து அடைத்தால் ஒரே சாயங்காலத்தில் 3000, ஆறு நாள் விற்பனை. அவ்வளவும் எங்கும் போய்விடவில்லை. என்னைப் போன்றவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது.

மறுநாள் காலை பேத்தியின் ஸ்கூல் ஆட்டோ வரவில்லை. போன் போட்டால், "வண்டியில சொட்டு பெட்ரோல் இல்ல அண்ணாச்சி. நேத்து உங்களுக்குப் பின்னாடி ஆறாவது ஆளா நின்னேன், எனக்குக் கிடைக்கல" என்றார்.

பேத்தியை ஸ்கூட்டரில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கேனை எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்குப் போனேன். ஆட்டோ வாசலில் நின்றது. அவர் புனலைப் பிடித்துக்கொள்ள, நான் ஊற்றினேன். அன்று ராத்திரியே வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

கேன் காலியானதும் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தயங்கியபடி கேட்டார்:

"பங்க் விலைதானே, அண்ணாச்சி?"