பொருந்தா ஆடையும் திருப்பித் தரும் உரிமையும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு சட்ட ஆய்வு

கடையில் வாங்கிய ஆயத்த ஆடை உடலுக்குப் பொருந்தாதபோது எழும் பூசல்களில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிடப்பட்ட வரியைக் கடைக்காரர் முடிந்த முடிபாகக் காட்டுகிறார். வாங்கியவரோ, எந்த ஆடையையும் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தந்து பணம் கேட்கலாம் என்று நம்புகிறார். சட்டம் இவ்விரு நிலைகளையும் ஏற்பதில்லை. ஆடை உடலுக்குப் பொருந்தியதா என்பதைக் காட்டிலும், அதன் அளவைப் பற்றி உறுதி கூறியவர் யார், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றவர் யார் என்பவையே உரிமையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

புதுச்சேரியில் இக்கேள்விக்கு இரண்டு சட்ட மரபுகளின் பின்புலம் உண்டு. 1804-இல் பிரான்சில் இயற்றப்பட்டு, 1819-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1641-ஆம் பிரிவு, வாங்கிய நோக்கத்துக்குப் பயன்படாதபடி பொருளைக் கெடுக்கும் மறைகுறைகளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கியது. 1642-ஆம் பிரிவு, வாங்குபவர் தாமே கண்டறிந்திருக்கக்கூடிய வெளிப்படைக் குறைகளுக்கு அப்பொறுப்பை விலக்கியது. 1644-ஆம் பிரிவு, பொருளைத் திருப்பித் தந்து விலையைப் பெறுவதா, பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைப் பெறுவதா என்னும் தேர்வை வாங்கியவரிடமே விட்டது. பார்த்துப் பயன்படுத்திப் பிடித்தால் வாங்குவது என்னும் சோதனை விற்பனையை 1588-ஆம் பிரிவு தனியே வகைப்படுத்தி, சோதனை நிறைவு தரும்வரை விற்பனை முற்றுப்பெறாது என்று கருதியது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சிப் பொறுப்பும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இறையாண்மையும் இந்தியாவுக்கு மாறிய பின், 1960களில் நடுவண் சட்டங்கள் படிப்படியாகப் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. இன்று விற்பனை ஒப்பந்தங்களை ஆள்வது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். 'வாங்குபவரே விழிப்பாயிருக்க' என்னும் ஆங்கிலேயப் பொதுச்சட்டக் கொள்கையிலிருந்து புறப்படும் இச்சட்டம், தன் 15 முதல் 17 வரையான பிரிவுகளில் அக்கொள்கைக்குக் கணிசமான விலக்குகளையும் வைத்திருக்கிறது. இதன்மேல் எழுப்பப்பட்டதே 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் பிரிவு 2(47), குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதற்கான கெடு பில்லில் குறிக்கப்பட்ட காலம், பில்லில் எதுவும் குறிக்கப்படாவிடில் 30 நாள். ஆனால் இவ்வுரிமை 'குறைபாடுள்ள' பொருளுக்கே உரியது. எனவே பொருந்தாமை எப்போது குறைபாடாகிறது என்பதே மையக் கேள்வி. அதற்கு விடை காணப் பொருந்தாமையை மூன்று வகைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகையில் ஆடை அதன் அளவுச் சீட்டுக்கே பொருந்துவதில்லை. குறைபாட்டை வரையறுக்கும் பிரிவு 2(10), சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ வேண்டப்படும் தரத்தில் உள்ள குறையோடு, வணிகர் எவ்வகையிலேனும் கூறிய தரத்தில் உள்ள குறையையும் சேர்த்துக்கொள்கிறது. சட்டமுறை எடையளவு விதிகளில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பொட்டலமிடாமல் விற்கப்படும் ஆயத்த ஆடைகளும் எஸ், எம், எல், எக்ஸ்எல் போன்ற குறியீட்டோடு சென்டிமீட்டர் அல்லது மீட்டரில் அளவைத் தாங்கியிருக்க வேண்டும். அந்த எண் வாங்குபவருக்குத் தரப்படும் உறுதிமொழி. சட்டையின் பொத்தான்களைப் போட்டு மேசைமேல் சுருக்கமின்றிப் பரப்பி, ஒரு கையிடுக்கிலிருந்து மறு கையிடுக்குவரை நாடாவால் அளந்து இரட்டித்தால் மார்புச் சுற்றளவு தெரிந்துவிடும். ஆய்வுக்கூடச் சோதனை தேவையில்லை. சீட்டில் உள்ள எண் ஆடையின் அளவா, அதை அணியும் உடலின் அளவா என்பது தெளிவாக இல்லாதபோது, அந்தத் தெளிவின்மையின் இழப்பை அச்சிட்ட தரப்பே ஏற்க வேண்டும். ஒப்பந்த வாசகத்தின் ஐயத்தை அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்ளும் நெறி அதையே கோருகிறது.

இரண்டாம் வகையில், அளவைத் தேர்ந்தவர் விற்பவர். பிள்ளையின் வயதையும் உயரத்தையும் பெற்றோர் சொல்ல, விற்பனையாளர் 'இந்த சைஸ் சரியாக இருக்கும்' என்று பள்ளிச் சீருடையை எடுத்துத் தருவது அன்றாடக் காட்சி. வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து விற்பவரின் திறனை நம்பினார் என்று புலப்படுமிடத்தில், அப்பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை ஒப்பந்தத்தில் உட்கிடையாக அமைகிறது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. மேற்சொன்ன சீருடை இவ்விதிக்குள் அடங்கும் என்றே கொள்ள வேண்டும். தையற்கடையில் இது இன்னும் தெளிவு: உடலை அளந்து ரவிக்கை தைத்துத் தருபவர் விற்பது பொருளை மட்டுமன்று, பொருத்தத்தையும்தான் என்பதால், அங்கே பொருந்தாமை சேவைக் குறைபாடாகிறது.

மூன்றாம் வகையில் சீட்டின் அளவு சரியாக உள்ளது. வாங்கியவர் தாமே தேர்ந்தார். போட்டுப் பார்க்கவும் வாய்ப்பிருந்தது. இங்கே திருப்பித் தரும் சட்ட உரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் 14 நாள் விலகல் உரிமையும் இணையம் முதலிய தொலைவிற்பனைக்கு உரியதே அன்றிக் கடையில் நேரில் வாங்கியதற்கு உரியதன்று. எனினும் '7 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்' என்று கடை அறிவித்திருந்தால் அந்த வாக்கு ஒப்பந்தத்தின் பகுதியாகிக் கடையைக் கட்டுப்படுத்தும்.

மூன்றாம் வகையின் எல்லையைக் குறுகலாகவே வரைய வேண்டும். இந்திய உடல்களுக்கான அளவு அட்டவணையை உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் 'இந்தியா சைஸ்' என்னும் ஆய்வைத் தொடங்கி, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டது. அத்தகைய ஆய்வு தேவைப்பட்டதே, நிறுவனத்துக்கு நிறுவனம் 'எம்' வேறுபடும் நிலைக்குச் சான்று. இந்நிலையில் தீபாவளிக் கூட்டத்தில் ட்ரையல் ரூமைப் பூட்டி வைத்துவிட்டு, 'நீங்கள்தான் பார்த்து எடுத்தீர்கள்' என்று சொல்வது நியாயமாகாது. முன்னரே ஆராயாத சரக்கை ஆராய நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றதாகக் கருதப்படமாட்டார் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. அப்படி ஆராய்வது, சரக்கு ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைக் காண்பதற்கே என்றாலும், கடையில் போட்டுப் பார்க்க இடமில்லாதபோது வீட்டில் போட்டுப் பார்ப்பதே அந்த வாய்ப்பாகும்.

வணிகர் தரப்பின் அச்சங்களையும் புறந்தள்ள இயலாது. திருமணத்துக்கு அணிந்துவிட்டு மறுநாள் திருப்பித் தருவோர் உண்டு. உள்ளாடைகளை மீண்டும் விற்பது சுகாதாரத்துக்கு உகந்ததன்று. புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் தரையில் துணி விரித்து விற்பவருக்குப் பெருங்கடையின் தாங்குதிறன் இல்லை. சீட்டு அகற்றப்படாமை, அணிந்த தடயமின்மை, பில், குறித்த கெடு ஆகிய நிபந்தனைகளால் இவ்வச்சங்களைத் தீர்க்கலாம். அவற்றைக் காட்டி ஒட்டுமொத்த மறுப்பை நியாயப்படுத்த முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிடுவது நேர்மையற்ற நடைமுறை என்று நடுவண் நுகர்வோர் துறை 1999-இலேயே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. குறைபாடு உறுதியான பின், பணத்துக்குப் பதிலாக அதே கடையில் செலவழிக்கும் கிரெடிட் நோட்டை வலிந்து தருவதும் சட்டம் சொல்லும் 'பணத்தைத் திருப்பித் தருதல்' ஆகாது.

தீர்வு தேடுவதும் எளிதே. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அது பயன் தராவிடில், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். 5 இலட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. ஆயினும் எண்ணூறு ரூபாய்ச் சட்டைக்காக எவரும் ஆணையத்தின் படியேற விரும்புவதில்லை என்பதால், உரிமை கடைமேசையிலேயே நிறைவேற வேண்டும். ஆதலால் புதுச்சேரி அரசின் குடிமைப் பொருள், நுகர்வோர் நலத் துறையும் வணிகர் அமைப்புகளும் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும்: திருப்பித் தரும் நிபந்தனைகள் பணம் செலுத்துமுன் கண்ணில் படும்படி தமிழில் எழுதப்பட வேண்டும், சென்டிமீட்டர் அளவில்லாத ஆடை விற்பனைக்கு வரக் கூடாது, போட்டுப் பார்க்க இடம் தராத கடை, குறைந்தது மாற்றித் தரவாவது கடமைப்பட வேண்டும்.