ஏழுக்கும் எட்டுக்கும் இடையே

நிரல் எழுதி விளக்கையும் மோட்டாரையும் இயக்க உதவும் ஆர்டுயினோ ஊனோ போர்டு கையில் கிடைத்தால், அதன் ஓரத்தில் நீளமாக ஓடும் கறுப்பு சாக்கெட்டுகளைப் பாருங்கள். டிஜிட்டல் பின்கள் 0 முதல் 13 வரை வரிசையாக இருக்கும். துளைக்குத் துளை 0.1 அங்குலம், ஆனால் 7க்கும் 8க்கும் நடுவில் மட்டும் 0.16 அங்குலம். இதற்கு மின்னணுக் காரணம் எதுவும் கிடையாது. முதலில் வரைந்தபோது சாக்கெட் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. கண்ணில் படுவதற்குள் போர்டுகள் அச்சாகி வெளியே போய்விட்டன. மேலே செருகிக்கொள்ளும் 'ஷீல்டு'களையும் அந்த அளவுக்கே செய்யத் தொடங்கிவிட்டதால், பிறகு திருத்த வழியில்லை. சாதாரண டாட் போர்டை வெட்டி இதன் மேல் உட்காரவைக்கப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். எஸ்எஸ்எல்சி சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு மச்சத்தைக் குறிப்பார்களே, இந்தப் போர்டுக்கு இந்த இடைவெளிதான் அது. இத்தாலியில் செய்ததிலும் இருக்கிறது, சீனாவின் ஷென்ஜெனில் செய்ததிலும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருக் கடையில் பிளாஸ்டிக் உறையில் தொங்குவதிலும் இருக்கிறது.

இந்தப் போர்டு பிறந்த ஊர் ஐவ்ரியா. வட இத்தாலியில் டூரினுக்கு வடக்கே, டோரா பால்டியா ஆற்றங்கரையில் உள்ள சிறிய நகரம். 1908இல் கமிலோ ஒலிவெட்டி தொடங்கிய தட்டச்சு இயந்திரக் கம்பெனிதான் அந்த ஊருக்கு வெகுகாலம் சோறு போட்டது. மேசை மேல் வைத்து வேலை செய்யக்கூடிய 'புரோகிராமா 101' கணிப்பொறியை 1965இல் கொண்டுவந்ததும் அதே கம்பெனிதான். அதன் நல்ல காலம் முடிந்த பிறகு, 2001இல், டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் பணம் போட்டு அங்கே ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் திறந்தன. மனிதரும் கருவியும் எப்படிப் பழக வேண்டும் என்பதுதான் பாடம். கையசைத்தால் மங்கும் விளக்கு, தொட்டால் பாடும் நாற்காலி என்று யோசிக்கும் மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்கள். அப்போது கையில் இருந்தது அமெரிக்காவின் பேரலாக்ஸ் கம்பெனி செய்த 'பேசிக் ஸ்டாம்ப்' என்ற சிறு போர்டு. விலை நூறு டாலரை ஒட்டி. மாணவர் ஒருவர் தவறாக வயர் கொடுத்து எரித்துவிட்டால், அந்த மாதச் செலவுக்கே திண்டாட்டம்.

அந்தப் பள்ளியில் படித்த கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான். தன் முதுகலை ஆய்வுக்காக 2003இல் 'வயரிங்' என்ற போர்டையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கினார். வழிகாட்டிகள் மாசிமோ பான்சியும் கேஸி ரியஸும். எம்ஐடி மீடியா லேபில் ரியஸும் பென் ஃபிரையும் ஓவியர்களுக்காக எழுதிய 'பிராசஸிங்' என்ற எளிய மென்பொருளின் முகத்தையே வயரிங் எடுத்துக்கொண்டது. சிப்பின் ரெஜிஸ்டர்களை பிட் பிட்டாகத் திருப்பும் வேலையை மறைத்து, 'பின்மோடு', 'டிஜிட்டல்ரைட்', 'டிலே' என்று பார்த்ததும் புரியும் கட்டளைகளைப் பர்ரகான் வைத்தார். ஒரு முறை ஓடுவதற்கு 'செட்டப்', ஓயாமல் சுற்றுவதற்கு 'லூப்'. இன்று உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் தட்டச்சு செய்வது இதைத்தான். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் அவர்தான். பெரும்பாலான அறிமுகப் புத்தகங்களில் அவர் பெயருக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

வயரிங் போர்டில் இருந்தது ஏடிமெகா128 சிப். அதைவிட மலிவான ஏடிமெகா8 சிப்பை வைத்து, 2005இல் பான்சி, டேவிட் குவார்டியேயஸ், டேவிட் மெலிஸ், டாம் ஐகோ, ஜான்லூகா மார்ட்டினோ ஆகிய ஐவர் வேறொரு போர்டைச் செய்தார்கள். பர்ரகானின் நிரல்தான் அடித்தளம். அந்தக் குழுவில் சேர அவருக்கு அழைப்பு வரவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். ஊரில் அவர்கள் கூடிப் பேசும் மதுக்கடையின் பெயரையே போர்டுக்கும் வைத்தார்கள். 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஐவ்ரியாக்காரன் ஆர்டுயினின் பெயர் அது.

பள்ளி மூடப்படப்போகிறது என்ற செய்தியும் அப்போதுதான் வந்தது. நிர்வாகம் கைமாறினால், செய்துவைத்ததெல்லாம் ஏதோ ஓர் அலமாரியில் பூட்டப்பட்டுப் போகும் என்று பயந்தார்கள். ஆகவே போர்டின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். முதலில் 300 வெற்று பிசிபிகள் அடித்து, 'நீங்களே சால்டர் செய்து எதையாவது செய்து காட்டுங்கள்' என்று மாணவர்களிடம் கொடுத்தார்கள். அப்படி வந்த முதல் படைப்புகளில் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் அலாரம் கடிகாரம். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று தூக்கக் கலக்கத்தில் ஒருவர் அதைத் தட்டினால், கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். மறுபடி தட்டினால் இன்னும் மேலே. கடைசியில் எழுந்து நின்றே ஆக வேண்டும்.

போர்டின் விலை முப்பது டாலர் அளவில் நின்றது. 2010இல் ஊனோ வந்தது. ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ், நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது வைத்துக்கொள்ள வெறும் 2 கிலோபைட் நினைவகம். ஒரு செல்போன் படத்துக்குக் காணாத இடம். ஒரு மோட்டாரை ஓட்டவும் வெப்பத்தை அளக்கவும் தாராளம்.

வரைபடத்தைக் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. 'ஆர்டுயினோ' என்ற வணிகப் பெயர் தங்களுக்கே என்று வைத்துக்கொண்டார்கள். போர்டின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் ஓடுகிறது. வரைபடம் நேராக ஷென்ஜெனுக்குப் போனது. அங்கே 2008இல் தொடங்கிய சீட் ஸ்டுடியோ 'சீடுயினோ' என்று தன் பெயரை வைத்து நாணயமாகச் செய்து விற்றது. வேறு பலர் அந்த நாணயத்துக்கெல்லாம் மெனக்கெடவில்லை. போர்டின் பின்பக்கத்தில் இருந்த இத்தாலி வரைபடத்தோடும், 'இத்தாலியில் தயாரித்தது' என்ற வாசகத்தோடும் அப்படியே அடித்துத் தள்ளினார்கள். யூஎஸ்பிக்காக ஊனோவில் இருந்த இன்னொரு ஏடிமெகா சிப்பை எடுத்துவிட்டு, மலிவான சிஎச்340 சிப்பை வைத்தது அவர்கள் கைங்கரியம். விலை சரிந்தது. கற்றவர் தொகை பெருகியதற்கு இந்தச் சரிவுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

பெயர் போன வழி வேறு. போர்டுகளைத் தயாரித்துக் கொடுத்த மார்ட்டினோ, 2008 இறுதியிலேயே இத்தாலியில் அந்தப் பெயரைத் தன் கம்பெனிக்குப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தார். மற்ற நால்வருக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. 2015இல் ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள், இரண்டு இணையதளங்கள், நீதிமன்ற வழக்குகள். அமெரிக்காவுக்கு வெளியே தங்கள் பெயரையே பயன்படுத்த முடியாமல் பான்சி தரப்பு 'ஜென்யுயினோ' என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. சீனச் சந்தைக்கு அதைத் தயாரிக்க அவர்கள் கைகோத்தது, முன்பு நகல் செய்த அதே சீட் ஸ்டுடியோவோடு! 2016 அக்டோபரில் சமாதானம் ஆனது. ஜென்யுயினோ என்ற பெயரை இப்போது யாரும் நினைப்பதில்லை.

இந்தச் சண்டை நடந்தபோது வரைபடம் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. பெரிய அண்ணனான 'மெகா' போர்டு, வீட்டில் கட்டும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு மூளையானது. 2014இல் ஷாங்காயின் எஸ்பிரெஸிஃப் கம்பெனி வைஃபை உள்ள இஎஸ்பி8266 சிப்பைக் கொண்டுவர, ஹாபிக்காரர்கள் பர்ரகானின் கட்டளைகளை அதற்கும் மாற்றி எழுதினார்கள். சிப் மாறியும் 'டிஜிட்டல்ரைட்' மாறவில்லை.

ரிச்சி தெருவுக்கு வருவோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நகல் ஊனோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கூடவே ஜம்பர் வயர், பிரெட்போர்டு, ரிலே, தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சர், மண் ஈரம் பார்க்கும் சென்சர். மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுவது, கோட்டைப் பிடித்து ஓடும் குட்டி ரோபோ. இவை நம் ஊர் வீடுகளில் உண்மையிலேயே வேலை செய்கின்றன. செய்துபார்த்தால்தான் தெரியும் விஷயங்களும் உண்டு. முள்கரண்டி போன்ற மலிவான ஈரச் சென்சருக்குள் எந்நேரமும் மின்சாரம் ஓடினால், மின்பகுப்பு நடந்து உலோகப்பூச்சு கொஞ்ச நாளில் அரித்துவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுப்பது நல்லதல்ல, வெறும் ரிலேயையோ மோட்டாரையோ நேராக மாட்டினால் சிப் போய்விடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

அதே தெருவில் கடைசியாண்டு எஞ்சினியரிங் பிராஜெக்ட், அறிக்கையோடு, முழுதாகச் செய்தும் கிடைக்கிறது. படிக்காதவர்களும் செய்யட்டும் என்று ஐவ்ரியாவில் பிறந்த பொருள், இங்கே படித்தவர்கள் செய்யாமலே தப்பிக்கப் பயன்படுகிறது. விற்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்இடி எரிந்தால் மதிப்பெண் போட்டுவிடும் தேர்வாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

2025 அக்டோபரில், ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அமெரிக்கச் சிப் கம்பெனி குவால்காம் அறிவித்தது. பெயர் இன்னொரு முறை கைமாறுகிறது. பழைய ஊனோவின் வரைபடத்துக்குக் கொடுத்த அனுமதியை இனி யாரும் திரும்பப் பெற முடியாது. ஆகவே நகல் வாங்கக் கூச்சப்பட வேண்டாம், அது சட்டப்படியே சரி. ஆனால் முந்நூறு ரூபாய்க்கு ஆர்டுயினோ பெயரும் இத்தாலி வரைபடமும் போட்டு ஒருவர் நீட்டினால் அது போலி. சொந்தப் பெயரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். சிஎச்340 டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். செய்துவைத்த பிராஜெக்ட் வேண்டாம், வெறும் போர்டு போதும். 13ஆம் பின்னோடு இணைத்த எல்இடி ஒன்று போர்டிலேயே இருக்கிறது. முதல் நாள் பாடத்துக்கு வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.