பெரியாஸ்பத்திரியும் அதன் ஊரும்: யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகரின் ஆஸ்பத்திரி வீதியிலே அமைந்துள்ள போதனா வைத்தியசாலையை எம்மூர் மக்கள் அப்பெயரால் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது ‘பெரியாஸ்பத்திரி’. 1850 இல் ஒரு தரும சங்கத்தின் மருத்துவமனையாகத் தோன்றி, 1907 இல் அரசாங்கத்தின் கைக்கு மாறி, 1978 இல் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பயிற்சிக்களமான இந்நிறுவனத்தின் பெயர்களுள் ‘போதனா’ என்ற அடைமொழியே மிக இளையது. ஆயினும், நோய் தீர்க்கும் பணியும் வைத்தியரை உருவாக்கும் பணியும் இப்பிரதேசத்தில் ஒன்றையொன்று தேடத் தொடங்கியது 1978 இலன்று. அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்னராகும். அன்று எழுந்த வினாவொன்று இன்றும் முற்றாக விடைபெறவில்லை. இங்கு கற்ற வைத்தியன் இங்கு தங்குவானா என்பதே அவ்வினா. இக்கட்டுரை அவ்வினாவின் வழிநின்று வைத்தியசாலையின் வரலாற்றை நோக்க முற்படுகின்றது.

வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக நெடுங்காலம் விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியால் 1850 இல் ‘பிரெண்ட் இன் நீட்’ சங்கத்தின் மருத்துவமனை நிறுவப்பட்டது. இடருற்றோர்க்கு உதவும் நண்பர் சங்கம் என அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதற்கு முன்னர் இங்கு வைத்தியமே இருக்கவில்லை என எண்ணுதல் தவறு. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ ஆகிய வைத்திய நூல்களின் மரபில் வந்த பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் உறவினரற்ற ஏழை நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பராமரிக்கும் பொது இடம் என்பது புதியது.

டைக்கின் மருத்துவமனை தோன்றுவதற்குச் சற்று முன்னரே, நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் மற்றொரு முயற்சி தொடங்கியிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்து, 1848 இல் மாணாக்கருக்கு மேலை வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. கற்றுத் தேறியோர் பலர் சம்பளமும் அந்தஸ்தும் வாய்ந்த அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிறீனுக்கு இது பெருங் கவலையை அளித்தது. விடுமுறையிலே தாயகம் சென்று 1862 இல் மீண்டும் வந்த அவர், 1864 முதல் போதனா மொழியைத் தமிழாக மாற்றினார். தாய்மொழியிற் கற்றவன் தன் ஊரவர் மத்தியில் வாழ்ந்து, அவர்கள் தரக்கூடிய வருவாயோடு அமைவான் என்பது அவரது கணிப்பு.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். கட்டர் என்பாரின் உடற்கூற்று நூல் 1852 இலேயே தமிழில் வெளிவந்திருந்தது. அதனைத் தொடர்ந்து பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகியன வெளிவந்தன. 1872 இல் கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் அச்சேறியது. 1875 இல் இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. இம்மொழிபெயர்ப்புகளில் அவருடைய மாணாக்கரும் உழைத்தனர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தமிழ்ச்சொல் கிடைக்குமிடத்துத் தமிழையும், இன்றேல் வடமொழியையும், அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பவும் அவர்கள் கையாண்டனர். நூல்களின் தலைப்புகளே அதற்குச் சான்று. இன்றைய கலைச்சொல்லாக்க நோக்கில் இச்சொற்களுட் சில எமக்கு நகைப்பூட்டலாம். ஆனால் நகைப்போர், ஒரு முழு உடற்கூற்று நூலை அக்காலத்துத் தமிழில் எழுதிப் பார்த்தபின் நகைப்பது நன்று.

கிறீன் மதப் பணியாளர் என்பதையும் மறைத்தலாகாது. வோஸ்டரிலுள்ள அவரது கல்லறை அவரைத் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே குறிக்கின்றது. சுதேச வைத்தியத்தின் மீது அவர் கொண்டிருந்த மதிப்பும் மிகச் சிறிதே. இருந்தும் 60 பேருக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கி, அவருட் பாதியளவினருக்குத் தமிழிலேயே கற்பித்தார். 1873 இல் அவர் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தோன்றியமையும் இதற்கு ஒரு காரணம் எனலாம். மருத்துவம் கற்க விரும்பிய யாழ்ப்பாண இளைஞன் அதன் பின்னர் தெற்கு நோக்கியே செல்லவேண்டியிருந்தது.

இந்நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பெரியாஸ்பத்திரி விரிவடைந்தது, ஆனால் அதன் வைத்தியர்கள் வேறிடத்திற் கற்று, இடமாற்றத்தில் வந்து, இடமாற்றத்திற் சென்றனர். 1971 முதல் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலால் மருத்துவ பீடங்களிற் புகும் யாழ்ப்பாணத் தமிழ் மாணவர் தொகை குறைந்தபோது, பிரச்சினை மாணவரது பிரச்சினையாகவே பேசப்பட்டது. அது நாளைய நோயாளியின் பிரச்சினையுமாகும் என்பதைச் சிலரே எண்ணினர் போலும்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. 1978 இல் மருத்துவ பீடம் ஆரம்பமாயிற்று. அது முதன்முதலில் இயங்கியது கைதடி ஆயுள்வேத வைத்தியசாலை வளாகத்திலாகும். கிறீன் ஏற்க மறுத்த சுதேச வைத்தியத்தின் கூரையின் கீழ் மேலை மருத்துவ பீடம் பிறந்தமையை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லவேண்டும்.

பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலையானபோது மாறியது பெயர்ப்பலகை மட்டுமன்று. பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளரே விடுதிகளில் நோயாளரைப் பார்க்கும் நிபுணராயினர். கட்டிலருகே நின்று கேள்வி கேட்கும் மாணவர் கூட்டம் நாடோறும் வந்தது. கற்பிக்க வேண்டியிருப்பதால் ஆசிரியர் தாமும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். மாணவன் கேட்பான் என்பதால் நோய் விபரம் ஒழுங்காக எழுதப்பட வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகேறி வருபவரும் வன்னியிலிருந்து அனுப்பப்படுபவரும் இதன் பயனைப் பெற்றனர்.

பீடத்தின் பணி விடுதியோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம் அவர்களே தக்க சான்றாவார். ‘நந்தி’ என்ற பெயரில் ‘மலைக்கொழுந்து’ நாவலைத் தந்தவராகவே அவரை இலக்கிய மாணவராகிய நாம் அறிவோம். ஆனால் ‘அருமைத் தங்கைக்கு’ என்ற அவரது சுகாதார நூலை எம்மிற் பலர் புரட்டியதில்லை. கர்ப்பவதியான ஒரு பெண்ணுக்கு அண்ணன் எழுதும் கடிதம் போல மருத்துவத்தைச் சொன்ன அவ்வெழுத்து, கிறீன் தேடிய வாசகரைச் சென்றடைந்தது என்பது என் துணிபு. கிறீன் வைத்தியருக்குத் தமிழில் எழுதினார். நந்தி தாய்க்கு எழுதினார்.

பீடம் தோன்றிப் பத்தாண்டு நிறைவதற்குள் போர் வைத்தியசாலையின் வாயிலுக்கு வந்தது. 1987 அக்டோபர் 21, தீபாவளி தினத்தன்று இந்திய அமைதிப் படையினர் வைத்தியசாலைக்குட் புகுந்தனர். மறுநாள் வரை நிகழ்ந்த கொலைகளில் நோயாளரும் ஊழியருமாக 60 முதல் 70 வரையானோர் மாண்டனர். அவருள் 21 பேர் வைத்தியசாலைப் பணியாளர். உள்ளிருந்து தம்மீது சுடப்பட்டதாக இந்தியத் தரப்புக் கூறியது. உயிர் தப்பியோர் கூறுவதோ, ஆயுதமற்றோர் இரவு முழுவதும் கொல்லப்பட்ட கதையை. 22 ஆந் திகதி காலை குழந்தை வைத்திய நிபுணர் டாக்டர் அ. சிவபாதசுந்தரம், தாதியர் மூவருடன் கைகளை உயர்த்தியவாறு, தாம் வைத்தியரென உரத்துக் கூறிக்கொண்டு வெளியே வந்தார். அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நோயாளரை விட்டு அகன்றிருந்தால் அவர் உயிர் வாழ்ந்திருக்கக்கூடும். ஆண்டுதோறும் அக்டோபர் 21 இல் ஊழியர் அங்கே நினைவு நிகழ்வு நடத்தி வருகின்றனர்.

தங்கியதற்கு விலை கொடுத்த இன்னொருவர் உடற்கூற்றுத் துறைத் தலைவி டாக்டர் ராஜினி திராணகம. 1986 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிவந்த அவர், எல்லாத் தரப்பினரது வன்செயல்களையும் சகாக்களுடன் இணைந்து ‘முறிந்த பனை’ நூலிற் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21 இல், பணி முடிந்து சைக்கிளில் வீடு செல்கையிற் சுடப்பட்டார். அவரோடு பணியாற்றியோர் அதற்குத் தமிழீழ விடுதலைப் புலிகளையே பொறுப்பாகக் கூறினர். மானிப்பாயிலே தமிழில் அங்காதிபாதம் கற்பித்த மரபின் அண்மைக்கால ஆசிரியர் ஒருவரை இவ்வாறு இழந்தோம்.

1990 இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் முயற்சியால் வைத்தியசாலையைச் சூழப் பாதுகாப்பு வலயம் ஏற்பட்டது. 1995 அக்டோபர் 30 இடப்பெயர்வில் நகரமே வெறுமையாயிற்று. 1996 இல் மக்கள் திரும்பியபோது வைத்தியசாலையும் மீண்டும் உயிர் பெற்றது. இக்கால முழுவதிலும் ஆளணி என்றும் போதியதாக இருக்கவில்லை. எனினும் பீடம் மாணவரை அனுமதித்துக்கொண்டே இருந்தது. அம்மாணவர் பயிற்சி வைத்தியராக விடுதிகளில் நின்றனர். வெளியிலிருந்து எவரும் வர விரும்பாத நாட்களில், உள்ளே கற்றவரே எஞ்சினர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பீடத்திற் பட்டம் பெற்றோருட் பலர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளனர் அல்லவா? உண்மையே. கிறீனின் முதல் மாணாக்கர் அரசாங்கச் சேவைக்குச் சென்றதுபோல இவர்கள் கடல் கடந்தனர். உயிருக்கு அஞ்சிச் சென்றவனை வீட்டிலிருந்து எழுதும் நான் குறைகூற முடியாது. ஆனால் வினா சென்றவரைப் பற்றியது மட்டுமன்று. 1978 இல் இப்பீடம் தோன்றியிராவிடின் 1990 களின் விடுதிகளில் யார் நின்றிருப்பர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

அண்மையில் அம்மம்மாவை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குச் சென்றிருந்தேன். இன்று பீடத்தில் நாட்டின் பல பாகங்களையும் சேர்ந்தோர் பயில்கின்றனர். எம்மிடம் விபரம் கேட்க வந்தவர் குருநாகலைச் சேர்ந்த சிங்கள மாணவி. தயங்கித் தயங்கி, ஆனால் தமிழிலேயே கேட்டார்.

“அம்மம்மா, எங்கே நோகுது?”

“நாரி உளையுது பிள்ளை.”

அவருக்கு விளங்கவில்லை. அருகில் நின்ற தாதி தன் இடுப்பின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார். மாணவி ‘நாரி’ என இருமுறை சொல்லிப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் சிங்கள எழுத்தில் அதனை எழுதிக்கொண்டார். பின்னர் விரிவுரையாளரிடம் சென்று, ஆங்கிலத்தில் ஒப்புவித்தார்.