மலையும் மானியும்: 1974 மஸ்கெலியா விமான விபத்து

கொழும்பிலிருந்து கண்டி வீதி வழியே செல்வோர் மாவனல்லையை அடைந்ததும் நிலத்தின் இயல்பு மாறக் காண்பர். அதுவரை தென்னந்தோப்பும் வயலுமாய்க் கிடந்த நாடு கடுகண்ணாவை ஏற்றத்தில் மலைச்சுவராக எழுகின்றது. தெற்கே சிவனொளிபாதமலை வரை இச்சுவர் நீள்கின்றது. தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையே இங்குள்ள தொலைவு மிகச் சிறிது. நிலத்திற் செல்வோனுக்கு அது இயற்கை எழில். இரவில் மானிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் விமானிக்கோ அது வேறு பொருள் தருவது.

1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டீ.சி. 8 விமானம், இடையே கட்டுநாயக்காவில் இறங்கவேண்டியிருந்தது. 182 ஹஜ் யாத்திரிகரும் 9 பணியாளரும் அதிலிருந்தனர். இரவு பத்து மணி கடந்து சில நிமிடங்களில், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில் அது மோதியது. எவரும் தப்பவில்லை. மோதிய இடம் மாவனல்லைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. விமானநிலையத்துக்கோ இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் இருந்தது.

மலையில் மோதினால் உயரமானி பிழைத்தது என எண்ணுவது பலர் வழக்கம். குளிர்நாடுகளில் அவ்வாறு நிகழ்வதுண்டு. உயரமானி உண்மையில் அளப்பது காற்றமுக்கத்தையே. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியசு எனக் கொண்ட நியம வளிமண்டலத்துக்கு ஏற்ப அது அமுக்கத்தை அடியாக மாற்றிக் காட்டும். குளிரால் வளி அடர்த்தியுறின் விமானம் மானி காட்டுவதிலும் தாழ்வாகவே பறக்கும். நியமத்திலும் 10 பாகை குறைந்தால் பிழை ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு. ஆயின், மஸ்கெலியாத் தோட்டத் தொழிலாளி கம்பளி போர்த்திக்கொள்ளும் டிசம்பர்க் குளிர் இக்கணக்கிற் குளிரன்று. 4,350 அடியில் நியம வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகையே. இலங்கை வளி அதனினும் வெப்பமானது. எனவே இங்கு மானியின் பிழை விமானிக்குச் சாதகமானதே.

அவ்வாறாயின் பிழைத்தது எது? விமானம் எங்கே நிற்கின்றது என்னும் அறிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியமையால், விமானநிலையத்தைச் சார்ந்த தம் நிலையைப் பணியாளர் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழ் இறங்கினர் என்பது இலங்கை விசாரணையின் முடிபு. டொப்ளர் தரைவேகத்தையும் பக்கவிலகலையும் அளந்து கடந்த தூரத்தைக் கூட்டிச் செல்வது. நெடுங்கடலைக் கடக்கையில் சிறு பிழைகளும் கூடவே சேரும். கட்டுநாயக்காவை அண்டிய தாழ்நிலத்தின் மேல் 4,350 அடி தாராளமான உயரம். அதே எண் மஸ்கெலியாவிற் சாவு. இறங்குநிலையத்தைச் சூழ்ந்து குறிக்கப்படும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம், மிகவுயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடியேனும் இடைவெளி தருவதாயினும், 25 கடல்மைல் வட்டத்துக்குள்ளேயே செல்லும். ஏழு கன்னியர் மலை மட்டுமன்றி மாவனல்லையும் அவ்வட்டத்துக்கு வெளியே உள்ளது.

மூன்று நாட்களுக்கு முன்னரே, டிசம்பர் 1இல், அமெரிக்காவின் வேர்ஜீனியா மலையொன்றில் டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 மோதி 92 பேர் மாண்டிருந்தனர். இறங்கும் அனுமதி கிடைத்ததும் விமானிகள் மலை கடக்குமுன்னே இறங்கிவிட்டனர். அம்மாதமே அமெரிக்க அரசு தரையண்மை எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. மஸ்கெலியாவில் மாண்ட ஏழை யாத்திரிகர் அவ்விதி பிறந்த வரலாற்றில் அரிதாகவே பேசப்படுகின்றனர்.

அக்கருவி கீழ்நோக்கி வானொலி அலை செலுத்தித் தரையை அளந்தது. முன்னே செங்குத்தாக எழும் மலையை அது அறியாது. 1990களில் வந்த திருத்திய கருவியே உலக நிலப்படத்தைத் தன்னுள் வைத்து, விமானம் நிற்கும் இடத்தோடு ஒப்பிட்டு, மலையை அணுகுமுன்னரே எச்சரிக்கலாயிற்று.