வினா எழுப்பும் உரிமை

கொச்சி மன்னர்களின் இருப்பிடமாய் விளங்கிய திருப்பூணித்துறையிலே குடியிருக்கும் நாம், மக்களாட்சியின் சிறு கருவி ஒன்றைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமுடையதே. சட்டசபை உறுப்பினர் ஒருவர் எழுத்திலே வினாவைத் தருகிறார். அரசாங்கம் அதற்கு எழுத்திலே விடை அளிக்கிறது. மேடை முழக்கமோ கைதட்டலோ இதில் இல்லை. ஆயினும் அமைச்சர்களைப் பதவியினின்று இறக்கிய வலிமை இதற்கு உண்டு. அவ்வலிமை நம் கொச்சி நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருப்புப்பாதையினால் வாழ்பவர் நம்முள் பலர். ஷொறணூரிலிருந்து எறணாகுளத்திற்கு முதல் இருப்புப்பாதை 1902-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் திரட்டும்பொருட்டு, இவ்வூர்ப் பூர்ணத்ரயீசர் திருக்கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தனுள் பதினான்கினை அன்றைய மன்னர் இராமவர்மா விற்றார் என்பது இங்குள்ள சிறுவரும் அறிந்த வரலாறு. அவர் நல்ல அரசர். அவர் செய்ததும் நற்செயல். எனினும், என்ன விலைக்கு விற்றீர், எவ்வாறு செலவிட்டீர் என்று அவையிலே கேட்கும் உரிமை அன்று குடிகளுள் எவருக்கும் இல்லை. மன்னர் நல்லவராய் இருந்தது நாட்டின் நற்பேறு. நற்பேற்றையே நம்பி ஒரு நாடு எந்நாளும் நடைபெற இயலுமோ? ஆள்வோருக்கு இடித்துரைப்போர் வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய பாடமன்று. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அப்பாடத்தைச் சட்டமாக்குவதற்குத்தான் காலம் பிடித்தது.

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையிலே 1721-ஆம் ஆண்டு கூப்பர் பிரபு கேட்டதே நாடாளுமன்ற வினாக்களில் முதலாவது என்பர். தென்கடல் கும்பனி என்னும் வணிக நிறுவனம் நிலைகுலைந்து பல குடும்பங்கள் பொருள் இழந்த வேளை அது. ஓடிப்போன அதன் காசாளர் பிடிபட்டது மெய்தானா என்பதே வினா. பொதுமக்கள் பணம் எங்கே என்னும் கவலையில் வினா பிறந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவிலே இவ்வுரிமை துளித்துளியாகவே வந்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த சபைகளில் வினாக் கேட்க வழியில்லை. 1892-இல் வினாக் கேட்கலாம் என்றனர். ஆனால் துணைவினா கூடாது என்றனர். 1909-இல் வினா எழுப்பியவர் மட்டும் துணைவினாக் கேட்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் எவ்வுறுப்பினரும் துணைவினாக் கேட்கலாயினர். துணைவினாவின் அருமை அலுவலகத்தில் பழகியோர்க்கு எளிதில் விளங்கும். முதல் விடையை எழுத நாள் உண்டு. வாசகத்தை மெருகிட்டு வைக்கலாம். அதனைத் தொடர்ந்து எழும் துணைவினாவுக்கு அவ்விடத்திலேயே விடை வேண்டும். பொருளறிந்த அமைச்சர் யார், எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் யார் என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

அதே 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களிலே இரட்டையாட்சியைப் புகுத்தியது. கல்வி, சுகாதாரம், விவசாயம் முதலிய இலாகாக்கள் சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் விடப்பட்டன. காவல், நிலவரி முதலியன கவர்னர் கையிலேயே இருந்தன. சென்னை மாகாணத்திலே 1920-ஆம் ஆண்டின் இறுதியில் இம்முறையின்கீழ் முதல் அமைச்சரவை அமைந்தது. பிரிட்டிஷ் கொச்சி எனப்பட்ட கோட்டைக் கொச்சி அந்நாளில் சென்னை மாகாணத்து மலையாள மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்து மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. சில தெருக்களைக் கடந்தால் வேறோர் அரசாங்கம்! ஒரு தெருவினருக்குச் சட்டசபை இருக்க, அடுத்த தெருவினர்க்கு இல்லை என்னும் நிலை நெடுநாள் நீடிக்கவில்லை.

கொச்சி நாட்டுச் சட்டசபை 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தொடங்கியது. நாற்பத்தைந்து உறுப்பினருள் முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எஞ்சியோர் நியமனம் பெற்றவர். அம்முதற் சபையிலேயே தோட்டக்காட்டு மாதவியம்மா என்னும் பெண்மணி உறுப்பினராக அமர்ந்தார் என்பது நம் தாய்மார்கள் மகிழத்தக்க செய்தி. வினா எழுப்பவும், தீர்மானம் கொணரவும், வரவு செலவுத் திட்டத்தை ஆராயவும் உறுப்பினர்க்கு உரிமை இருந்தது. விடை சொன்ன அரசாங்கமோ திவானுடையது. திவான் மன்னருக்குப் பொறுப்பானவர். விடை பிடிக்கவில்லையாயின் திவானை மாற்றும் ஆற்றல் சபைக்கு இல்லை.

அந்நிலையிற் பாதியை மாற்றியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது. கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாக இருந்தார். அதற்குமுன் டில்லி மத்திய சட்டசபையின் தலைவராய் அமர்ந்து, நாள்தோறும் வினாவும் விடையும் மோதுவதைக் கண்டவர் அவர். அவர் காலத்தில் இயற்றப்பட்ட 1938-ஆம் ஆண்டுக் கொச்சி அரசாங்கச் சட்டத்தினால், இந்தியச் சமஸ்தானங்களுள் முதன்முதலாகக் கொச்சியிலே இரட்டையாட்சி ஏற்பட்டது. விவசாயம், கூட்டுறவு, பொதுச் சுகாதாரம், பஞ்சாயத்து, குடிசைத் தொழில், ஒடுக்கப்பட்டோர் முன்னேற்றம் முதலியன ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். அதே ஆண்டில் அவர் காலமாகவே, டாக்டர் ஏ. ஆர். மேனன் அப்பொறுப்பை ஏற்றார்.

சண்முகம் செட்டியாரைப் புகழ்ந்து மட்டும் நிறுத்துவது வரலாறாகாது. திருச்சூர் நகரின் மின்சார விநியோகத்தைத் தனியார் கும்பனிக்கு அளித்த அவருடைய ஆட்சியின் முடிவை எதிர்த்து 1936-இல் அந்நகரத்தில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அக்கிளர்ச்சியில் முன்னின்றவருள் ஒருவரே, பின்னர் அமைச்சரான டாக்டர் மேனன். நேற்றுக் கேட்டவர் இன்று விடை சொல்லும் இடத்தில் அமர்ந்தார். ஒப்படைக்கப்பட்ட இலாகாக்களுக்கு அவர் சபைக்குக் கடமைப்பட்டவர். 1942-இல் சபையின் நம்பிக்கையை இழந்தபோது பதவி விலகினார். ஒதுக்கப்பட்ட இலாகாக்களைப் பற்றியும் வினாக் கேட்கலாம். திவான் தரும் விடையோ விடையாக மட்டுமே நின்றது. இரட்டையாட்சியின் குறை இதுவே. விடை சொல்பவரை விலக்கும் உரிமை இல்லாதவிடத்து வினாவிற்குப் பாதி வலிமையே உண்டு.

அப்பாதி வலிமையும் வீணாகவில்லை. முளவுக்காட்டுத் தீவிலே பிறந்த தாக்ஷாயணி வேலாயுதன் அம்மையார் 1945-இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்டோர் முன்னேற்றத்திற்கு ஒதுக்கப்படும் நிதி குறைந்து வருவதைத் தம் முதற் பேச்சிலேயே அவர் எடுத்துக்காட்டினார். வீதியிலே நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட குலத்திற் பிறந்த பெண்மணி, அரசாங்கத்தின் கணக்கை அரசாங்கத்தின் முன்னே வைத்துக் கேட்டார். இதனினும் உயர்ந்த காட்சி கொச்சி வரலாற்றில் அரிது. இன்று எறணாகுளம் அரசுச் சட்டக் கல்லூரியாக விளங்கும் இடத்திலேதான் அச்சபை கூடியது. அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுதல் நம் கடமை.

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே இரண்டு வழக்குகள் வினாவின் முழு வலிமையை நாட்டிற்குக் காட்டின. ஒன்று நம் சோற்றுப் பானையைச் சேர்ந்தது. 1957-இல் கேரள அரசாங்கம் டெண்டர் கோராமல், சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் வழியாக ஆந்திர அரிசி வாங்கியது. ஆலுவாய் உறுப்பினர் டி. ஓ. பாவா இதனைச் சட்டசபையிலே கிளப்பினார். நீதிபதி பி. டி. இராமன் நாயர் விசாரணை நடத்தி, தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் நேர்ந்தது எனக் கண்டார்.

மற்றொன்று டில்லியிலே நடந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளிலே போடப்பட்டது. 1957 செப்டம்பரில் டாக்டர் ராம் சுபக் சிங் இதுபற்றி வினா எழுப்பினார். விடை தெளிவாக இல்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி அவ்விடையைப் பற்றிக்கொண்டு சபையிலே வாதாடினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் பதவி துறந்தார். அவர் தமிழர், திறமை மிக்கவர். எனினும் பிரீமியம் கட்டிய ஏழையின் பணம் எங்கே என்ற வினாவின்முன் இனமும் திறமையும் கேடயமாகவில்லை. அதுவே முறை.

இவ்விரண்டினின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில உள. வினா சிறியதாய், செய்தியைக் கேட்பதாய் இருத்தல் வேண்டும். லோக்சபை விதிகளின்படி வினாவிலே வாதமோ, ஊகமோ, ஏளனமோ கலத்தல் ஆகாது. விடையை விடாது பற்றித் தொடர்பவர் ஒருவர் வேண்டும். அமைச்சர்கள் 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லி மறப்பதுண்டு. அவ்வுறுதிமொழிகளைத் தொடர்ந்து கவனிக்க லோக்சபை 1953-இலேயே ஒரு குழுவை அமைத்தது.

இனி, நம் தொழிலைச் சேர்ந்த செய்தி ஒன்று. இருப்புப்பாதை பற்றி நாடாளுமன்றத்தில் வினா எழுமாயின், அது போர்டிலிருந்து மண்டலத்திற்கும், மண்டலத்திலிருந்து டிவிஷனுக்கும் வந்து, ஈற்றில் ஒரு குமாஸ்தாவின் மேசையிலே நிற்கும். அவர் பழைய பேரேட்டைப் புரட்டி எடுக்கும் எண்ணே அமைச்சரின் வாய்வழிச் சபையிலே ஒலிக்கிறது. பேரேட்டில் அன்றன்று உள்ளது உள்ளவாறு எழுதியிருந்தால் நாடு உண்மையைக் கேட்கும். சோம்பலினாலோ அச்சத்தினாலோ மாற்றி எழுதியிருந்தால், கேட்டவரும் ஏமாறுவர், சொன்னவரும் ஏமாறுவர். உறுப்பினரின் உரிமை நம் போன்றோர் நேர்மையின்மேல் நிற்கிறது. சிறு சம்பளக்காரர் நாட்டிற்குச் செய்யும் பெருந்தொண்டு இதனினும் வேறு யாது?

இன்று இவ்வுரிமை சபைக்கு வெளியிலும் வந்துள்ளது. 1994-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டங்களின்கீழ், பஞ்சாயத்து, நகரசபை உறுப்பினர்களும் தலைவரை வினவலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது விதி. பிழைப்பை நாடி வந்த நமக்கு இவ்வூர் வழக்குகளில் என்ன வேலை என்று நம்முள் சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். குடிநீர்க் குழாயில் நீர் வாராத நாளில் அது தமிழர் வீடு, மலையாளியர் வீடு என்று பார்த்து நிற்பதில்லை. வாக்குச்சீட்டு நம் கையிலும் உண்டு. காலனிக் குறைகளைத் திண்ணையிலே பேசிக் கலைவதை விட்டு, நாள், இடம், தொகை ஆகியவற்றைக் குறித்து, நான்கு வரியில் எழுதி நம் உறுப்பினரிடம் கொடுப்போம். விடை வந்தால் அதனைச் சங்கத்தின் கோப்பிலே சேர்த்து வைப்போம். வாராவிடின் மீண்டும் எழுதுவோம்.